மணல் மூடிய துறையும் மின்சாரக் காரின் நெடுவழியும்

(ஒலுவில் துறைமுகத்திற்கு அண்மையில் உழவர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை.)

 

இந்த இடத்தில் நின்று தெற்கே நோக்கினால் மணல் மேடு தெரிகின்றது. வடக்கே நோக்கினால் கடல் தின்ற கரை தெரிகின்றது. இரண்டுக்கும் நடுவே கருங்கல் அணைகள் இரண்டு கடலுக்குள் கைநீட்டிக் கிடக்கின்றன. கப்பல் வரும் என்று நாம் காத்திருந்த துறை இது. இத்தகைய இடத்தில் நின்றுகொண்டு மின்சாரக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். துறைமுகத்திற்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். தொடர்பு உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

வெளிநாட்டு வாகனங்களின் இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்து, 2025 பெப்ரவரி முதல் நாளன்று தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த கதவு வழியே மின்சாரக் கார்களும் வந்தன. அன்று தொட்டு இக்கரையில் நாம் செல்லுமிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கப்படுகின்றது: "இதிலே கொழும்புக்குப் போய் வரலாமா?" முதியவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "தம்பி, நடுக் காட்டிலே பற்றரி செத்தால் மாடு கட்டியா இழுப்பது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளத்தக்கது அன்று. இன்றைய உரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு விடைதான்.

எமக்கு ஏன் இந்தக் கவலை?

கொழும்பில் இருப்பவனுக்கு நெடும்பயணம் என்பது விடுமுறை உல்லாசம். எமக்கோ அது வாழ்க்கைத் தேவை. இருப்புப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகின்றது. அதற்குத் தெற்கே கல்முனைக்கும் ஒலுவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் ரயில் இல்லை. புற்றுநோய்க்கு மகரகமைக்குப் போவோர் உளர். வெளிநாட்டு வீசாவுக்கும் மேன்முறையீட்டுக்கும் தலைநகரையே நாட வேண்டியிருக்கின்றது. இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, விடியற்காலையில் கொழும்பில் இறங்கி, அலுவல் முடித்து, அன்றிரவே திரும்பும் பயணம் இக்கரையில் பலருக்குப் பழக்கமானது. ஆகவே, நெடுவழி செல்ல இயலாத வண்டி எமக்கு அரை வண்டியே.

"பெற்றோல் வண்டி இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். எண்ணெய் நிலையங்களின் முன்னே இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். அறுவடை இயந்திரத்திற்கு டீசல் இன்றி, முற்றிய வேளாண்மையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர் என்று முதலில் அளந்து தந்தார்கள். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் காருக்கு அது 240 கிலோமீற்றர். ஒலுவிலிலிருந்து புறப்பட்டவன் கொழும்பைக் காணுமுன்னரே அந்த அளவு தீர்ந்துவிடும். எண்ணெய் நிலையம் என்பதும் ஆற்று நீர் போல் இயற்கையில் அமைந்த ஒன்றன்று, வெளிநாட்டு நாணயம் உள்ளவரை ஓடும் வாய்க்கால் என்பதை அவ்வாண்டு எமக்குக் கற்பித்தது.

ஆனால் ஒரு பக்க நியாயம் மட்டும் கூறி மறுபக்கத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. அதே 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டும் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறையில் உள்ள துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப் போனது. எனவே, மின்சாரம் என்றால் மந்திரம் என்று நினைப்பதும் மடமை. இரண்டையும் துலாக்கோலில் வைத்தே பார்க்க வேண்டும்.

தாவளமும் மருந்துக் கடையும்

எம் முன்னோர் இந்தக் கரையிலிருந்து கண்டிச் சீமைக்கு உப்பும் கருவாடும் கொண்டு சென்றார்கள். பொதிமாடுகளின் முதுகில் சுமையேற்றிச் சென்ற அந்த வணிகத்தைத் தாவளம் என்றார்கள். முஸ்லிம் வணிகர்கள் அதில் பேர்பெற்று விளங்கினர். மாடு ஒரே மூச்சில் மலையேறிக் கண்டியை அடையுமா என்று எந்தத் தாவளக்காரனும் கேட்கவில்லை. தண்ணீரும் புல்லும் எங்கே கிடைக்கும், எந்த இடத்தில் சுமை இறக்கலாம் என்பதையே அவன் கேட்டான். வழியில் தங்குமடம் இருந்தால் வழி குறுகும், இல்லையேல் நீளும்.

பெற்றோல் காரும் இந்த நிலையைக் கடந்துதான் வந்தது. 1888ஆம் ஆண்டு ஜேர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் ஓட்டிச் சென்றார். மோட்டார் வரலாற்றில் முதல் நெடும்பயணம் அதுவே. வழியில் எண்ணெய் தீர்ந்தது. எண்ணெய் நிலையம் என்ற பெயரே உலகில் பிறக்காத காலம். வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக் கடையொன்றில், கறை நீக்க வைத்திருந்த லிக்ரோயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

அன்பர்களே! அந்த மருந்துக் கடையின் கட்டத்தில்தான் இன்று எம் நாட்டின் மின்சாரக் கார் நிற்கின்றது. வண்டி வந்துவிட்டது. மடங்கள் இன்னும் வேண்டிய அளவு வரவில்லை.

கணக்குப் பார்ப்போம்

உழவனுக்குக் கணக்கு புதிதன்று. ஏக்கருக்கு எத்தனை மூடை என்று கேட்பதைப் போல, அலகுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்போம். மின்சாரப் பட்டியலில் நாம் காணும் ஓர் அலகு மின்சாரத்தில், நடுத்தர மின்சாரக் கார் ஒன்று ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் ஓடும். ஒலுவிலிலிருந்து அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, கண்டி வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 320 முதல் 330 கிலோமீற்றர். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாகச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையிலோ ஏறத்தாழ 380 கிலோமீற்றர். கண்டி வழியே செல்வதாயின் ஐம்பத்தைந்து அலகு வேண்டும். சிக்கனமான சிறு குடும்பமொன்று ஒரு மாதத்தில் செலவிடும் மின்சாரம் அது. பெற்றோல் காருக்கோ அதே வழிக்கு இருபத்தேழு லீற்றர் வேண்டும்.

அறுபது அலகு கொள்ளும் பற்றரி உள்ள புதிய கார், ஏட்டுக் கணக்கில் 360 கிலோமீற்றர் ஓடும். ஆனால் அறிவுள்ள எவனும் பற்றரி வற்றும் வரை ஓட்டமாட்டான். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டால் எஞ்சுவது 288 கிலோமீற்றர். ஆகவே, புதிய கார் கொழும்பு செல்ல வழியில் ஒரேயொரு தடவை நின்றால் போதும். ஐம்பது கிலோவாற்று வேக மின்னேற்றி ஒன்றில் அரை மணி நேரம் நின்றால் இருபது அலகுக்கு மேல் ஏறும். அது நூற்றிருபது கிலோமீற்றருக்கு வழிச்சோறு. மகியங்கனையில் இறங்கி லுஹர் தொழுது, சோறு உண்டு, பிள்ளைகளைக் கைகால் கழுவச் செய்து புறப்படும் நேரத்திற்குள் அது முடிந்துவிடும்.

பழைய காரின் கதை வேறு. 2015ஆம் ஆண்டளவில், வரி குறைந்திருந்த காலத்தில், நிஸான் லீஃப் கார்கள் இந்நாட்டிற்குப் பெருமளவில் வந்தன. அவற்றிற் பலவற்றின் பற்றரி 24 அலகே கொள்ளும். ஜப்பானியப் பத்திரத்தில் 200 கிலோமீற்றர் என்று எழுதியிருந்த அந்த வண்டியின் 2011ஆம் ஆண்டு வார்ப்புக்கு, அமெரிக்கச் சோதனை கொடுத்த எண் 117 கிலோமீற்றர்தான்! பத்திரத்தை நம்பி வழி நடக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மேலும், அந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாமையால், எம் வெப்ப நாட்டில் அது விரைவில் தளர்ந்தது. முப்பது விழுக்காடு தளர்ந்த பற்றரியில் எஞ்சுவது பதினேழு அலகு, நூறு கிலோமீற்றர். கையிருப்பையும் விட்டால் எண்பது. அத்தகைய வண்டியில் கொழும்பு செல்ல நாலைந்து இடங்களில் நிற்க வேண்டும். ஊருக்குள் அது நல்ல வண்டி. நெடுவழிக்கு அதை வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகவே கூறுவோம்.

இன்னொன்று. பற்றரியில் மின்னேற்றுவது சாக்கில் நெல் கொட்டுவது போன்றது. முதலில் விறுவிறு என்று நிரம்பும். வாய் நெருங்கும்போது குலுக்கிக் குலுக்கி நிரப்ப வேண்டும். எண்பது விழுக்காட்டிற்கு மேல் ஏற்ற நினைத்து வேக மின்னேற்றியின் முன் காத்திருப்பது வீண். பின்னால் நிற்பவனுக்கும் அது இடையூறு. வீட்டில் இரவு முழுவதும் மெல்ல ஏற்றி, வழியில் வேண்டிய அளவு மட்டும் ஏற்றிச் செல்வதே முறை. வீட்டுச் சாதாரணத் துளையில் மணிக்கு இரண்டு அலகளவே ஏறும். தனிக் கம்பி இழுத்துப் பொருத்திய ஏழு கிலோவாற்றுப் பெட்டியில் ஓரிரவில் அறுபது அலகும் ஏறிவிடும்.

மலை என்ன செய்யும்?

"சமதரையில் ஓடும், பதினெட்டு வளைவு ஏறுமா?" என்பது அடுத்த கேள்வி. ஏறும். மின்மோட்டாருக்கு ஏற்றம் ஒரு பொருட்டன்று. செலவுதான் கூடும். ஒன்றரைத் தொன் எடையுள்ள காரை ஆயிரம் மீற்றர் உயரத்திற்குத் தூக்க நாலு அலகுக்குச் சற்று மேல் வேண்டும். சமதரையில் இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடும் மின்சாரம் அது. ஆனால் இறங்கும்போது சக்கரமே மோட்டாரைச் சுழற்றி மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஏறக் கொடுத்ததில் பாதிக்கு மேல் மீண்டும் கைக்கு வரும். பெற்றோல் காரோ இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்குவதன்றித் தாங்கியில் ஒரு துளியும் சேர்க்காது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மலையுச்சியில் பற்றரியை முழுதாக நிரப்பி இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமிராது. நிரம்பிய குளத்தில் மழை பெய்தால் வான்கதவு வழியே வெளியேறுவதன்றோ? ஆகவே மின்னேற்ற வேண்டிய இடம் மலைக்குக் கீழே, மகியங்கனையிலும் வெல்லவாயவிலும். உச்சியில் அன்று.

நாம் பட்ட பாடு

இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. ஏட்டுக்கும் வீதிக்கும் உள்ள தூரத்தை நாம் நேரிலேயே அளந்தோம். நண்பர் ஒருவரின் மின்சாரக் காரில் கொழும்பிலிருந்து மூவராகப் புறப்பட்டோம். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் மின்னேற்றி இருப்பதாகக் கைபேசி காட்டியது. மாலை மயங்கும் நேரத்தில் அங்கே சென்றடைந்தோம். மின்னேற்றி இருந்தது. அதன் திரையில் விளக்கு எரியவில்லை. அருகே இருந்த கடைக்காரர், "அது பழுதாகிப் பல நாள் ஆயிற்று, ஐயா. பார்க்க வருவோம் என்றார்கள், இன்னும் வரவில்லை" என்றார்.

அடுத்த இடத்திற்குச் சென்றோம். அங்கே இயந்திரம் வேலை செய்தது. ஆனால் அதன் கம்பியின் தலை வேறு, எம் காரின் வாய் வேறு! ஜப்பானியப் பழைய கார்களுக்குச் சாடெமோ என்று ஒரு வகை, புதிய பல கார்களுக்குச் சி.சி.எஸ்.2 என்று இன்னொரு வகை. பசியோடு அடுக்களைக்குப் போனவன் பூட்டிய உறியைப் பார்த்து நின்றது போல நின்றோம். முடிவில், விடுதிக்காரர் ஒருவர் மனமிரங்கி வீட்டுத் துளையில் கம்பி மாட்ட இடம் கொடுத்தார். நள்ளிரவு தாண்டும் வரை அங்கேயே இருந்தோம். நாம் மூவரும் ஆண்கள், அதனால் சமாளித்தோம். நோயாளித் தாயையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, யானை குறுக்கிடும் காட்டு வீதியோரத்தில் ஒரு குடும்பம் அவ்வாறு காத்திருக்க முடியுமா?

அன்றிரவுதான் இந்த உரையின் சாரம் எமக்கு விளங்கியது. குறை பற்றரியில் இல்லை, காரிலும் இல்லை. இருக்கிறது என்று சொன்ன இடத்தில் இருக்க வேண்டியது, வேலை செய்யும் நிலையில் இல்லாமையே குறை. நம்ப முடியாத மின்னேற்றி, இல்லாத மின்னேற்றியினும் தீயது. இல்லையென்று தெரிந்தால் பயணியாவது புறப்படாமல் இருப்பான்.

துறைமுகம் தந்த பாடம்

இனித் தொடக்கத்தில் கூறிய தொடர்புக்கு வருவோம். இந்தத் துறைமுகத்தைக் கனவு கண்டவர், துறைமுக அமைச்சராக விளங்கிய மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள். அவர் 2000ஆம் ஆண்டு மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013இல் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. கனவில் குற்றமில்லை. கிழக்குக் கரையின் நெல்லும் மீனும் கடல்வழியே செல்ல வேண்டும் என்பது நியாயமான எண்ணமே.

ஆனால் இக்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையோடு சேர்ந்து கரை நெடுகத் தெற்கிலிருந்து வடக்கே நடந்து செல்வது அதன் இயல்பு. கருங்கல் அணை அந்த நடையை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, துறையின் வாயையும் அடைத்தது. வடக்கே மணல் வரத்து நின்றதால், பசித்த கடல் கரையைத் தின்றது. தென்னந்தோப்பும் நிலமும் போயின. வாயில் சேர்ந்த மணலை அள்ளிக்கொண்டேயிருந்தால்தான் தோணியும் உள்ளே வரும். அள்ளுவது யார், அதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கு நிலையான விடை கிடைக்கவில்லை. வணிகக் கப்பலுக்காகக் கட்டிய துறையில் மீன்பிடிப் படகே உள்ளே வர முடியாமல் தவித்த நாட்களை நீங்கள் அறிவீர்கள். உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கட்டுவது ஒரு நாள் விழா, காப்பது தலைமுறை வேலை. திறப்பு விழாவிற்கு நாடா வெட்ட ஆயிரம் கைகள் வரும். மணல் அள்ள ஒரு கையும் வராது. மின்னேற்று நிலையத்திற்கும் இதே விதிதான். இங்கே மணலுக்குப் பதில் கடற்காற்றின் உப்பு. அது இரும்பை அரிக்கும், தொடுமுனைகளில் பாசி போல் படியும். வெப்பம் கம்பியின் உறையை வெடிக்கச் செய்யும். இடி விழுந்தால் நுண்கருவி கருகும். இவற்றையெல்லாம் முன்னரே எண்ணாமல், எவரோ கொண்டுவந்து நட்டுவிட்டுப் போகும் தூண், இன்னொரு ஒலுவில் துறைமுகமாகவே முடியும்.

வீணாகும் வெயில்

"இதற்கெல்லாம் மின்சாரம் எங்கே?" என்று பொறியியலாளர்கள் கேட்கலாம். விடை எம் தலைக்கு மேலே இருக்கின்றது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது நாட்டின் மின்தேவை மிகவும் குறைந்தது. கூரையில் சூரியப் பலகை வைத்திருந்தோர் பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்திவைக்குமாறு அன்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. எண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாடு, மூன்றே ஆண்டுகளில், வெயில் கூடிவிட்டது, அதனை அணைத்துவையுங்கள் என்று கேட்கும் நாடாயிற்று! நடுப்பகலில் மிஞ்சிக் கிடக்கும் அந்த மின்சாரத்தைக் குடிக்க ஒரு வாய் வேண்டும். பகலில் நெடுவழி செல்லும் கார் மின்னேற்றும் நேரமும் அதே நடுப்பகல்தான். இதனைவிடப் பொருத்தம் எங்கே காண்போம்?

கல்லோயாத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். இங்கினியாகலையில் தேக்கிய நீர் முதலில் சுழலியைச் சுழற்றி, ஏறத்தாழ பதினொரு மெகாவாற்று ஆற்றலுள்ள மின்நிலையத்தை இயக்குகின்றது. பிறகு வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் பாய்கின்றது. ஒரே நீர், இரு பயன். வெயிலும் அவ்வாறே பயன்பட வேண்டும்.

உலர்வலயத்து வெயிலில் ஒரு கிலோவாற்றுப் பலகை நாளொன்றுக்கு நாலு அலகளவு தரும். ஐம்பது கிலோவாற்றுப் பலகைகளை விரிக்கப் பத்துப் பன்னிரண்டு பேர்ச் கூரை போதும். நாளொன்றுக்கு இருநூறு அலகு கிடைக்கும். இருபத்தைந்து அலகு வீதம் எட்டுக் கார்களுக்கு வழிச்சோறு. இந்தத் துறைமுக வளாகத்தில் வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தில் ஒரு சிறு மூலை இதற்குப் போதாதா? பக்கத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கற்ற இளைஞர் இருக்கின்றனர். ஏ-4 நெடுஞ்சாலை அருகே ஓடுகின்றது. கப்பலுக்குக் காத்திருந்து களைத்த இடம் காருக்காவது துறையாகட்டும். அலையின் திவலை நேரே விழாத உட்பகுதியில், மேலே கூரையோடு அமைய வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இரவுப் பயணிக்கு வெயில் உதவாதே என்பீர்கள். உண்மை. இரவில் வலைக்கம்பியின் மின்சாரமே துணை. நிலையத்தில் பகல் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரி ஒன்றும் இருக்குமானால் நன்று. அது இல்லாதவரை, இயன்றவர்கள் பகற்பயணத்தை மேற்கொள்வதே பொருத்தம்.

யார் செய்வது?

வண்டி இல்லை, ஆகவே நிலையம் வைக்க ஆளில்லை. நிலையம் இல்லை, ஆகவே வண்டி வாங்க ஆளில்லை. இந்த முடிச்சை எங்கே அவிழ்ப்பது? 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதளவு மின்சாரக் கார்களாயிருந்த நோர்வே நாட்டிலும் இந்த முடிச்சு தானாக அவிழவில்லை. அரசு பல ஆண்டுகள் வரியைக் குறைத்தும், வீதியோர நிலையங்களுக்குக் கைகொடுத்தும் அவிழ்த்தது. நாம் நோர்வே அல்லோம். எம்மிடம் அந்தப் பணமில்லை. ஆனால் எம்மிடம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நாட்டில் பல சங்கங்கள் எண்ணெய் நிலையங்களை நடத்திப் பழகியவை. அதே முற்றத்தில், அதே காவலாளியின் பார்வையில், மின்னேற்றியும் நிற்கலாம்.

நாம் கேட்பவை பெரிதல்ல. எண்ணிச் சொல்வோம்.

முதலாவது: அம்பாறை, மகியங்கனை, மொனராகலை, வெல்லவாய ஆகிய வழித்துறைகளிலும் ஒலுவிலிலும் இடத்திற்கு இரண்டு வேக மின்னேற்றிகளேனும் வேண்டும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஒற்றை மாட்டை நம்பி எவரும் வண்டி பூட்டுவதில்லை.

இரண்டாவது: இரு வகை முனைகளும் இருக்க வேண்டும். விலைப்பலகை வெளியே தெரியவேண்டும்.

மூன்றாவது: விளக்கும் நீரும் கழிப்பிடமும் தொழ ஓரிடமும் காவலும் வேண்டும். பெண்கள் நள்ளிரவிலும் அச்சமின்றி இறங்கத்தக்க இடமே மடம் எனப்படும்.

நான்காவதே தலையாயது: பழுதானால் எத்தனை மணி நேரத்தில் திருத்தப்படும் என்ற உறுதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தவறினால் தண்டம் இருக்க வேண்டும். எம் ஊர்ப் பிள்ளைகளையே தொழில் பழக்கி அந்த வேலையில் அமர்த்த வேண்டும். பழுது பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டுமெனின், அந்த ஆள் வருமுன் துறையில் மணல் மூடிவிடும்.

உழவர்களுக்கு ஒரு சொல்

இறுதியாக உழவர் பெருமக்களுக்கு. நெல்மூடை ஏற்றி மலை கடக்கும் லொறியையோ, அறுவடை இயந்திரத்தையோ இன்றே மின்சாரத்திற்கு மாற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பாரவண்டிக்கு வேண்டிய பற்றரியும் மின்னேற்றியும் எம் வழிகளில் இன்னும் வரவில்லை. ஆனால் வட்டைக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிளும், சந்தைக்குப் போய்வரும் முச்சக்கர வண்டியும் நாளொன்றுக்கு ஓடும் தூரம் குறைவு. அவற்றுக்கு வீட்டுக் கூரையின் வெயிலே போதும். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு லீற்றரும் பஞ்சம் வந்த நாளில் உழவு இயந்திரத்திற்கு உதவும் லீற்றர் என்பதை மறவாதீர்கள்.

கார் வாங்க எண்ணும் மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எமது அறிவுரை இதுவே. பத்திரத்தில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் பாருங்கள். எஞ்சியது உங்கள் பயணத்தில் பாதியைத் தாண்டினால் வாங்குங்கள், இல்லையேல் பொறுங்கள். புறப்படுமுன் வழியிலுள்ள நிலையத்திற்குத் தொலைபேசியில் அழைத்து, இயந்திரம் வேலை செய்கின்றதா என்று வாய்ச்சொல்லாகக் கேட்டறியுங்கள். அடுத்த இடம் வரை செல்லும் அளவு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

முதியவரின் கேள்விக்கு இப்போது விடை கூறுவோம். ஐயா, பற்றரி சாகாது. வழியில் மடமிருந்தால் அது சாக வேண்டிய தேவையே இல்லை. மாடு கட்டி இழுக்கும் நிலை வருமானால், அந்த வெட்கம் காருக்கு உரியதன்று. மடம் கட்டாதவர்களுக்கும், கட்டியதைக் காக்காதவர்களுக்கும், கேட்க வேண்டிய நேரத்தில் கேளாதிருந்த எமக்குமே உரியது.

துறைமுகம் கட்டியபோது மணலைப் பற்றி உரத்துக் கேட்கத் தவறினோம். அந்தத் தவற்றின் விலையை இந்தக் கரை இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றது. இம்முறை முதல் தூண் நடுமுன்னரே கேட்போம்: இதைக் காப்பவர் யார்? விடை எழுத்தில் வரும் வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.